கலங்கல் குழாய்: அடையாற்றின் சேற்றை அளந்து பார்த்த ஓராண்டு

எங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்காகச் சென்ற ஆண்டு 60 செ.மீ. நீளமுள்ள கலங்கல் குழாய் ஒன்று வாங்கினோம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயின் அடியில் கறுப்பும் வெள்ளையுமான சிறு வட்டு இருக்கிறது. குழாய் நிறைய நீரை ஊற்றி, மேலிருந்து பார்த்தபடியே அடித்திருகைத் திறந்து வடிக்க வேண்டும். வட்டு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போது நீர் நிற்கும் உயரமே அளவு. மின்கலமும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம்.

இதன் அருமை ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் புரிந்தது. திரு.வி.க. பாலத்திலிருந்து அரை மணிக்கு ஒருமுறை வாளியை இறக்கி நீர் மொண்டோம். கடல் ஏறி நிற்கும்போதுதான் கலங்கல் மிகுதியாக இருக்கும் என்று மாணவர்கள் எல்லோரும் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் ஓட்டம் நின்று திரும்பும் வேளையில் வட்டு 31 செ.மீ.யிலேயே தெரிந்தது, ஏற்றம் வேகமாக உள்ளே வந்த நேரத்தில் 14 செ.மீ. வரை வடித்த பிறகே தெரிந்தது. சேற்றைத் தூக்குவது நீரின் உயரமன்று, அதன் வேகமே என்பதை எந்தப் பாடமும் அவர்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் ஏற்றவற்ற வேறுபாடு, அதாவது கடல் ஏறி இறங்கும் உயரம், ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அந்தச் சிறிய அசைவே நாளுக்கு இருமுறை கழிமுகத்துச் சேற்றை முன்னும் பின்னும் இழுக்கிறது. ஏற்றம் தணியும்போது கீழிறங்கத் தொடங்கும் நுண்துகள், அடியைத் தொடுவதற்குள் இன்னும் சற்று உள்ளே போய்விடுகிறது. படிந்து இறுகிய சேற்றைப் பெயர்ப்பதற்கோ, மிதக்கும் சேற்றைச் சுமப்பதைவிட வேகமான ஓட்டம் வேண்டும். அதனால் வற்றத்தோடு எல்லாமே கடலுக்குத் திரும்பிவிடுவதில்லை. மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் இந்தப் போக்குவரத்தே ஓய்ந்து, மேலிருந்து வருவது உள்ளேயே தங்குகிறது.

குழாயில் கவனிக்க வேண்டிய பெரிய சிக்கலும் இதே இயல்பிலிருந்தே வருகிறது. நன்னீரில் ஒன்றையொன்று விலக்கி மிதக்கும் களிமண் துகள்கள் உப்புநீர் கலந்ததும் ஒட்டித் திரள்கின்றன. தனித்துகளைவிடத் திரள் விரைவாக விழும். மொண்ட நீரை ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அளந்தால், குழாயின் அடியில் மெல்லிய சாம்பல் படலம் சேர்ந்து வட்டையே மூடிவிடுகிறது, மேலே நீர் மட்டும் பொய்யாகத் தெளிந்து நிற்கிறது. ஆகவே வாளியைக் கலக்கி உடனே ஊற்றிப் பார்க்க வேண்டும். இதைப் பற்றிக் குழாயோடு வந்த கையேட்டில் ஒரு வரியும் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சாக்கடை நீரின் கருமையையும் சேற்றின் கலங்கலையும் இக்கருவி பிரித்துக் காட்டாது என்பதையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். கையுறை கட்டாயம்.

அடித்திருகு இரண்டாம் மாதத்திலேயே கசிந்தது. விற்றவர்களுக்கு இருமுறை எழுதியும் பதில் வரவில்லை. பிளம்பர் சுற்றும் டெஃப்லான் டேப் வாங்கி நாங்களே சரிசெய்துகொண்டோம். அளவுக்கோடுகளின் மை வெயிலில் மங்குகிறது, அதன் மேல் ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுவது நல்லது. கழிமுகத்துக்கு 60 செ.மீ. தாராளமாகப் போதும்; தெளிந்த ஏரிநீரை அளக்க நினைக்கும் பள்ளிகள் 120 செ.மீ. குழாயைக் கேட்டு வாங்குங்கள்.