அப்பாவின் ஆர்மோனியத்துக்கு மிதி வைத்துத் தந்த கடை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பசாருக்குப் பின்னால், மோட்டார் பட்டறைகளை ஒட்டி, பெயர்ப்பலகைகூட இல்லாத கடை. உறுமி, தவில், ஆர்மோனியம் பழுது பார்ப்பார்கள். கை கால் முடியாதவர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றியும் தருவார்கள் என்று கோயில் கமிட்டியில் ஒருவர் சொல்லித்தான் போனேன்.

அப்பாவுக்குப் போன வருடம் பக்கவாதம். இடது கையும் காலும் சரியாக வருவதில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து தோட்டத்துக் கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் அவர்தான். வலது கை விரல்கள் இன்னும் கட்டை மேல் ஓடுகின்றன, துருத்தி போடத்தான் கை இல்லை. வேறொரு கடையில் கேட்டதற்கு, கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டார்கள். காத்து போகாத பெட்டியை நான் தொடமாட்டேன் என்கிறார் அப்பா. சரி, அவரிடம் யார் பேசுவது?

இந்தக் கடைக்காரர் பெட்டியைப் பார்க்கும் முன்னால் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, “ஐயா, வலது காலைத் தரையில் தட்டுங்க” என்றார். பாட்டு முழுக்கத் தாளம் தப்பாமல் தட்டச் சொல்லி, எப்போது கால் சோர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் அளவெடுத்தார். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிள் ஒன்று, மரத்தில் மிதி, துருத்தியைத் திரும்ப விரிக்க ஸ்பிரிங், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் இன்னொரு துருத்தி காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் விடாமல் மிதிக்கவும் வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், 1842இல் பாரீஸில் தெபேன் என்பவர் காப்புரிமை வாங்கிய ஆர்மோனியமே காலால் மிதிப்பதுதான். தரையில் உட்கார்ந்து வாசிக்கிற நம் ஆட்களுக்காகத்தான் கல்கத்தாவில் அதைக் கைக்கு மாற்றினார்கள். அப்பாவுடையது பழையபடி காலுக்கே போயிருக்கிறது.

குறையும் இருக்கிறது. இரண்டு வாரம் என்றவர் ஏழு வாரம் இழுத்தார், போன் போட்டாலும் எடுக்கமாட்டார். முதல் வெள்ளிக்கிழமை கோயில் டைல்ஸில் மிதி வழுக்கிக்கொண்டு போய், பாட்டு நடுவில் பெட்டி மூச்சை நிறுத்திவிட்டது, அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் தூக்கிக்கொண்டு போனேன். பழைய டயரை வெட்டி மிதிக்கு அடியில் ஒட்டினார், காசு வாங்கவில்லை. ஸ்பிரிங் மட்டும் இன்னும் கிறீச்சென்கிறது.

மொத்தம் 380 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. போகிறவர்கள் வாசிக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள், பெட்டியை மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்.