எட்டு ஃபிரேமில் எரியும் விளக்கு: ஏஸ்ப்ரைட் எனக்குக் கைகொடுத்த விதம்

திருமண அழைப்பிதழ் வடிவமைப்பது என் தொழில். அச்சில் அசையாமல் நிற்கும் குத்துவிளக்கு, கைப்பேசிக்கு அனுப்பும் அழைப்பிதழில் எரிய வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் ஒரு இலவசச் செயலியில் செய்து பார்த்தேன். சுடர் ஆடியது, ஆனால் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் யாரோ ஊதிவிட்டதுபோல் ஒரு வெட்டு. அந்த வெட்டைப் போக்கத்தான் ஏஸ்ப்ரைட் வாங்கினேன்.

சின்னச் சின்னப் புள்ளிக் கட்டங்களால் வரையும் பிக்ஸல் ஓவியத்துக்கென்றே உருவான மென்பொருள் இது. விலை 19.99 டாலர், மாதச் சந்தா கிடையாது. சோதனைப் பதிப்பில் வரையலாம், சேமிக்க முடியாது. மூல நிரலைக் கணினியில் தாங்களே தொகுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் சொந்தப் பயனுக்குக் காசில்லாமலே வைத்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும் படத்தைத்தான் சுழலும் படம் என்கிறேன்; அதில் கலையெல்லாம் தையலில்தான் இருக்கிறது. அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்களான ஃபிரேம்களில், கடைசி ஃபிரேம் முதல் ஃபிரேமோடு சேரும் இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஏஸ்ப்ரைட்டில் 'ஆனியன் ஸ்கின்' போட்டால், டிரேசிங் தாள்களை அடுக்கி வைத்ததுபோல் முன்பின் ஃபிரேம்கள் மங்கலாகத் தெரியும். எட்டு ஃபிரேமுக்கும் சேர்த்து ஒரு டேக், அதாவது அவற்றை ஒரு தொகுதியாகக் காட்டும் குறி வைத்து, அதற்குள்ளேயே சுற்றிவரச் சொல்லும் வசதியையும் இயக்கினேன். எட்டாவது ஃபிரேமில் நிற்கும்போது முதல் ஃபிரேமின் சுடர் அடியில் தெரிந்தது. என் சுடரின் நுனி இரண்டு பிக்ஸல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான் குறை. நகர்த்தினேன், வெட்டு போய்விட்டது.

ஆனாலும் சுடருக்கு உயிர் வரவில்லை. எல்லா ஃபிரேமும் 100 மில்லிநொடி ஓடியதால் கடிகாரம்போல் ஆடியது. ஃபிரேம் எண்ணை இருமுறை சொடுக்கினால் அதன் நேரத்தைத் தனியாக மாற்றலாம். நிமிர்ந்து நிற்கும் இரண்டு ஃபிரேம்களுக்கு 200, காற்றில் ஒடுங்கும் ஒன்றுக்கு 60 கொடுத்தேன். மொத்தச் சுற்று 960 மில்லிநொடி, ஒரு நொடிகூட இல்லை. அதற்குள் காற்று வந்து போகிறது! புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அசையும் படத்தைச் சேமிக்கும் ஜிஃப் கோப்பு நேரத்தை நொடியின் நூறில் ஒரு பங்காகத்தான் எழுதிக்கொள்ளும். 125 என்று வைத்தால் அது அப்படியே நிற்காது. பத்தின் மடங்காகவே வையுங்கள்.

ஜிஃப்பை 1987இல் கொண்டுவந்தது கம்ப்யூசர்வ் நிறுவனம். படத்தை முடிவில்லாமல் சுற்றவைக்கும் குறிப்பைப் பின்னாளில் நெட்ஸ்கேப் உலாவி சேர்த்தது. இன்றும் சுழலும் ஜிஃப் கோப்பைத் திறந்து உள்ளே பார்த்தால் அந்த உலாவியின் பெயர் எழுதியிருக்கும். சேமிக்கும்போது வரும் பெட்டியில் சுழற்சிக்கான கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 256 வண்ணங்கள்தான் என்ற வரம்பு எனக்குத் தடையே இல்லை. என் விளக்குக்கு 11 போதுமாக இருந்தது.

புகைப்படத்தை அசைய வைக்க நினைப்பவர்களுக்கு இந்த மென்பொருள் ஆகாது. இன்னொன்று, 64 பிக்ஸல் படத்தை அப்படியே அனுப்பாதீர்கள். நான் அனுப்பியபோது ஒரு செய்திச் செயலி அதை வீடியோவாக மாற்றி ஓரங்களையெல்லாம் குழப்பிவிட்டது. இப்போது ஏற்றுமதியிலேயே எட்டு மடங்கு பெரிதாக்கி அனுப்புகிறேன், கோடுகள் ஓரளவு தப்பிக்கின்றன.

அடுத்து ஊஞ்சல் வரைகிறேன். முன்னும் பின்னுமாக ஓட்டும் 'பிங்-பாங்' இருப்பதால் பாதி ஃபிரேம்கள் போதும் என்று நினைத்தேன். ஆனால் ஊஞ்சலில் இருக்கும் பெண்ணின் தாவணி, போகும்போது பறப்பதுபோல் வரும்போது பறப்பதில்லை. பதினாறையும் கையால்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்.