தவிலுக்கு ஒரு மைக்கா, இரண்டா?

கோயில் கொடையில் நையாண்டி மேளம் எழும்பினால் நெஞ்சுக்கூடே அதிரும். அதே தவிலை வீட்டில் பதிவு செய்து கேட்டால், தகர டப்பாவைத் தட்டியதுபோல் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கலைஞர்களின் வாசிப்பு இப்படி வீணாவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு மைக்குகளைச் செருகி அவற்றின் ஒலியைக் கணினிக்கு அனுப்பும் சிறிய இன்டர்ஃபேஸ் ஒன்று கையில் இருந்தால் போதும், நிலைமையை மாற்றலாம்.

கைபேசி ஒத்திகைக்கு உதவும், அவ்வளவுதான். பெரும்பாலான கைபேசிகள் ஒலியளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும். தவிலின் குச்சியடி முகமான தொப்பியில் குச்சி பலமாக விழுந்தவுடன் ஒலி அமுங்கிவிடுவதால், அடுத்து மறுமுகமான வலந்தலையில் விரல்களில் மாட்டிய கூடுகள் பொழியும் சொற்கள் தேய்ந்துபோகும்.

உண்மையான போட்டி, நுட்பமான ஒலியையும் தள்ளி நின்றே பிடிக்கும் ஒரு கண்டென்சர் மைக்குக்கும், பலத்த ஒலியை நெருக்கத்தில் தாங்கும் இரண்டு டைனமிக் மைக்குகளுக்கும் இடையேதான். டைனமிக் மைக்குகளை ஆளுக்கொரு முகமாக ஒரு சாண் தொலைவில் வைத்தால் அறையின் எதிரொலி குறையும். இரு முகங்களையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு முகத்தில் அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகிறது. உள்காற்று மறுமுகத் தோலை வெளியே தள்ளுகிறது. இரண்டு மைக்குகளும் ஒன்றுக்கொன்று எதிரான அலையைப் பிடிப்பதால், சேர்த்துக் கேட்கும்போது கனம் கரைந்துவிடுகிறது. பதிவு மென்பொருளில் ஒரு மைக்கின் தடத்தில் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழை, திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் தொப்பியின் ஒலி தடித்துக் கேட்கிறதோ அதுவே சரி.

கண்டென்சருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது இயங்கத் தேவையான 48 வோல்ட் மின்சாரத்தை இன்டர்ஃபேஸே கொடுத்துவிடும். வாசிப்பவருக்கு எதிரே நான்கைந்து அடி தள்ளி நிறுத்துங்கள். வலந்தலை எடுப்பாக ஒலித்தால் மைக்கைத் தொப்பிப் பக்கம் ஒரு சாண் நகர்த்தினாலே இரண்டும் சமமாகும். பதிவுத் தரத்தை 24 பிட்டில் வைத்து, உச்ச அடி மென்பொருளின் அளவுகோலில் மைனஸ் 10 டெசிபெல் அளவில் நிற்கும்படி வைத்தால் ஒலி உடையும் என்ற பயமில்லை. தவில் தனியாக வாசிக்கப்படும்போது என் ஓட்டு இதற்கே. மரத்தின் முழக்கம் காற்றில் கலந்து வந்தால்தான் அது தவில்.

ஆனால் கண்டென்சர் அறையையும் சேர்த்தே பதிவு செய்யும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. பக்கத்துச் சுவரில் மோதித் திரும்பும் ஒலி நேரடி ஒலியோடு குழம்பும். டைல்ஸ் போட்ட கான்கிரீட் அறையைவிட, நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீட்டு அறை எவ்வளவோ மேல். பத்தமடைப் பாய் மெல்லியது, சுவரில் தொங்கவிட்டுப் பயனில்லை. இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து வையுங்கள். சித்திரை வெயிலானாலும் மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

வில்லுப்பாட்டுக்கு மட்டும் என் தீர்ப்பு மாறும். பாட்டு, உடுக்கை, குடம் எல்லாம் ஒன்றாக ஒலிக்கையில் தள்ளி நிற்கும் மைக்கில் பாட்டின் சொற்கள் மூழ்கிவிடும். பாடுபவருக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று என டைனமிக் மைக்குகளை நெருக்கமாக வையுங்கள். குடத்து மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்று ஒதுக்கிச் சாய்த்து வையுங்கள். அடி விழும்போதெல்லாம் உள்ளிருந்து பீறிடும் காற்று மைக்கில் மோதாது.