கழற்ற முடியாத உறை எனக்கு வேண்டாம்

சிங்கப்பூரில் ஓடும் எங்கள் ஏழு இருக்கைக் காரின் சிஓஇ (கார் வைத்துக்கொள்வதற்கான உரிமைச் சான்றிதழ்) காலத்தில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் அதன் இருக்கைகள் மூன்று வகை உறைகளைப் பார்த்துவிட்டன. முதலில் செயற்கைத் தோல், பிறகு நியோபிரீன், இப்போது நீர் புகாத அடிப்பூச்சு உள்ள பாலியஸ்டர் துணி. மூன்றையும் கழற்றி, துவைத்து, முகர்ந்து பார்த்து, திட்டித் தீர்த்த பிறகு எழுதுகிறேன்.

வார நாள்களில் அலுவலகமும் பள்ளியும்தான் காரின் ஓட்டம். சனிக்கிழமை காலையில் தேக்கா ஈரச்சந்தை, மாலையில் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு. பண்டிகை நெருங்கினால் மனைவி வீட்டில் சமைத்துக் கொடுக்கும் சாம்பார் பாத்திரங்களும் ஏறும். வெள்ளிக்கிழமை மாமியாரும் அவருடைய பூக்கூடையும் கோயிலுக்கு. எனவே எங்கள் இருக்கைகளில் சிந்துவது காப்பியும் பிஸ்கட் தூளும் மட்டுமல்ல. மீன் தண்ணீர், மஞ்சள், எண்ணெய், குளோரின் நீர், பால் எல்லாமே சிந்தும்.

உறை விற்பவர்கள் பெரும்பாலும் வெயிலையும் அழுக்கையும் பற்றியே பேசுகிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டிக்கு வெயில் பெரிய பகை இல்லை. ஈரம்தான் பகை. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிய காருக்குள் நனைந்த எதுவும் தானாகக் காயாது. உறையைப் பற்றி நான் முதலில் கேட்கும் கேள்வி அது தண்ணீரைத் தடுக்குமா என்பதன்று. நனைந்தால் கழற்ற முடியுமா, வீட்டில் காயுமா என்பதுதான்.

செயற்கைத் தோல் உறை கார் வாங்கியபோதே வந்தது. கடைக்காரர் இருக்கையின் அடியில் கொக்கி போட்டு இறுக்கிக் கொடுத்தார். தொழிற்சாலையிலேயே தைத்ததைப் போல் அழகாக இருந்தது. ‘ஈரத்துணியால் துடைத்தால் போதும்’ என்றார். மேலே சிந்தியதைப் பொறுத்தவரை அது உண்மைதான். சாம்பார், சாக்லேட், விபூதி எல்லாம் ஒரே துடைப்பில் போயின. மாமியாருக்கு மட்டும் பிடிக்கவில்லை. பட்டுப்புடவையோடு உட்கார்ந்தால் வளைவுகளில் இருக்கையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சறுக்குவதாகச் சொன்னார். மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். ஒருமுறை பட்டு வேட்டியில் பின்னால் உட்கார்ந்தபோது புரிந்தது.

உண்மையான சோதனை ஒரு தைப்பூசத்தன்று வந்தது. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கப் போகும் வழியில் ஒரு பால் பாத்திரத்தின் மூடி நகர்ந்துவிட்டது. மேலே இருந்த பாலைத் துடைத்துவிட்டோம். ஆனால் செயற்கைத் தோல் தண்ணீரை விடாது என்றாலும், அதைத் தைத்த ஊசித் துளைகள் விடும். பால் அவற்றின் வழியே இறங்கி உள்ளே இருந்த நுரைப் பஞ்சில் தங்கிவிட்டது. உறையைக் கழற்ற வேண்டுமென்றால் இருக்கையையே தூக்க வேண்டும். கடையில் அதற்குத் தனிக் கூலி கேட்டார்கள். உறையைக் கழற்றும்வரை காரில் ஏறியவர்கள் எல்லாரும் முதலில் மூக்கைத்தான் தொட்டார்கள். பால் சிந்தினால் வெந்நீர் ஊற்றாதீர்கள். புரதம் திரிந்து இழைகளில் ஒட்டிக்கொள்ளும். முதலில் குளிர்ந்த நீர், அதன் பிறகே சோப்பு.

பிறகு ஓட்டுநர் இருக்கையில், ஏறி இறங்கும்போது தொடை உரசும் ஓரம் உரியத் தொடங்கியது. உராய்வு மட்டும் காரணமல்ல. செயற்கைத் தோலின் மேல்படலமாக இருக்கும் பாலியூரித்தேனில் ஒரு வகை, காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து தானே சிதையும். அலமாரியில் பத்திரமாக வைத்த காலணியின் அடிப்பாகம் ஒருநாள் பொடிப்பொடியாக உதிர்வதை இங்கே பலரும் பார்த்திருப்பார்கள். அங்கும் இதே வேதியியல்தான். எவ்வளவு துடைத்துப் பராமரித்தாலும் இது நிற்காது. பிவிசி வகை இப்படி உரியாது. ஆனால் அதை மென்மையாக வைத்திருக்கும் பொருள் காலப்போக்கில் வெளியேறிவிடுவதால் விறைத்து வெடிக்கும்.

அடுத்தது நியோபிரீன். முக்குளிப்போர் உடைக்குப் பயன்படும் ரப்பர் நுரை இது. நீச்சல் குளத்திலிருந்து சொட்டச் சொட்ட வரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். தண்ணீரை நன்றாகவே தாங்கியது. முதலில் சில வாரங்களுக்கு டயர் கடை வாசனை. அதையும் பொறுத்துக்கொண்டோம். சிக்கல் காய்வதில்தான். வடகிழக்குப் பருவமழை பெய்யும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூங்கில் கழியில் தொங்கவிட்ட உறை நாள்கணக்கில் கனத்துக்கொண்டே தொங்கியது. முழுதாகக் காயுமுன் பொறுமையிழந்து மாட்டியதில் அடிப்பக்கம் வெண்பச்சைப் பூசணம் பிடித்தது. போதாததற்கு முதுகுச் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. குளிரூட்டி ஓடும்போதே சட்டை நனையும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போகும் நாளில் மட்டும் போட்டு எடுப்பவர்களுக்கு இது நல்ல உறை. நிரந்தரமாகப் போட்டு வைப்பதற்கு ஏற்றதன்று. தவிர, நியோபிரீன் என்ற பெயரில் விற்பவை எல்லாம் நியோபிரீன் அல்ல. பலவற்றில் இருப்பது மலிவான வேறு ரப்பர் நுரை.

இப்போது இருப்பது பாலியஸ்டர் துணி. முதுகுப் பகுதி, அமரும் பகுதி, தலைச்சாய்வு எல்லாம் தனித்தனி. இழுப்பட்டையும் ஒட்டுப்பட்டையும் உண்டு. மூன்று வரிசைக்கும் சேர்த்து 300 வெள்ளிக்குச் சற்று மேல் ஆனது. பார்வைக்குச் செயற்கைத் தோலின் மிடுக்கு இல்லை. முழங்கையால் அழுத்தினால் சுருக்கம் விழும். ஆனால் ஓர் இருக்கையின் உறையைச் சில நிமிடங்களில் உருவி, வீட்டுச் சலவை இயந்திரத்தில் போட்டு, இரவு மின்விசிறிக்கு அடியில் விரித்தால் காலையில் மாட்டிவிடலாம். உலர்த்தும் இயந்திரத்தில் மட்டும் போடாதீர்கள். சூட்டில் அடிப்பூச்சு கொப்பளித்துப் பிரிந்துவிடும்; பிரிந்தால் அது வெறும் துணிதான். 

மஞ்சள் கறை பட்டால் பதற வேண்டாம். சோப்பு பட்டதும் அது சிவப்பாக மாறும். காரம் பட்ட மஞ்சளின் இயல்பு அது. நன்றாக அலசி வெயிலில் போட்டால் தானே வெளிறும். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கடைக்காரர்கள் கறுப்பு எதையும் காட்டாது என்பார்கள். அவர்கள் வீட்டில் விபூதி பூசுவோர் இல்லை போலும். நடுத்தரச் சாம்பல் நிறமே எங்கள் வீட்டுக்குச் சரிப்பட்டது.

டுரியான் பழ வாசனைக்கு எதிராக எந்த உறையும் நிற்காது. துணி மற்றவற்றைவிட மோசம். அதைப் பற்றி மேலே பேசுவதற்கு ஒன்றுமில்லை.

பாதுகாப்பில் மட்டும் விலைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். பல கார்களில் முன்னிருக்கையின் பக்கவாட்டிலேயே காற்றுப்பை இருக்கிறது. இருக்கையின் ஓரத்தில் சிறிய அடையாளச் சீட்டு தைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை உறை முழுதாக மூடினால் பை விரியத் தடையாகும். அந்த ஓரம் திறந்த உறையையோ, அழுத்தம் பட்டதும் பிரியும் தையல் கொண்ட உறையையோதான் வாங்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் தங்கள் கையேட்டில் உறையே கூடாது என்கிறார்கள். முதலில் அதைப் படித்துவிடுங்கள். எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவில் மலிவாகத் தைத்துத் தருகிறார்கள் என்று நண்பர்கள் இழுத்தார்கள். எல்லை தாண்டக் கட்டாயமான முக்கால் தொட்டி பெட்ரோலோடு கடற்பாலத்தில் வரிசை நிற்பதுகூட எனக்குப் பெரிதில்லை. பக்கவாட்டுத் தையலில் எந்த நூலைப் போட்டார்கள் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் மறுத்துவிட்டேன்.

1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு ஏற்ற இருக்கை இங்கே சட்டப்படி கட்டாயம். அதை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கும் இடத்தில் உறையில் திறப்பு வேண்டும். எங்களுடையதில் இருக்கிறது, ஆனால் குறுகல், ஒவ்வொரு முறையும் விரலால் துணியை விலக்கித் தேட வேண்டியிருக்கிறது. உறை தடிமனாக இருந்தால் குழந்தை இருக்கை ஆடும்; மாட்டிய பின் அதையும் இழுத்துப் பாருங்கள்.

இரண்டாம் வரிசைதான் அதிகம் நனைகிறது. அதற்கு மட்டும் இன்னொரு உறை இருந்தால் ஒன்று காயும்போது மற்றொன்று பயன்படும். எங்கள் விற்பனையாளர் தனி வரிசையாகத் தர மறுத்துவிட்டார். வேறொரு கடையில் பழுப்பு நிறத்தில்தான் கிடைத்தது. நிறம் ஒத்துப்போகவில்லை என்று மாமியார் முகம் சுளித்தாலும் வாங்கிவிட்டேன். நீங்கள் பணம் கட்டுமுன்பே தனி வரிசை விற்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.