பட்டறை மேசையில் ஒரு ஜாகுவார் டி-டைப்

1956-ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் வென்ற ஜாகுவார் டி-டைப் காரின் உலோக மாதிரியை, 18-இல் ஒரு பங்கு அளவில், 9,500 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கினேன். ஆரம்பாக்கத்தில் உள்ள என் லேத் பட்டறைக்கு வர வேண்டிய பொட்டலம் ஆந்திர எல்லைக்கு அப்பால் தடாவில் இறங்கிவிட்டது; கூரியர்காரரிடம் தெலுங்கில் வாதாடி மீட்டு வர அரை நாள் போயிற்று.

வெளித்தோற்றத்தில் உழைப்பு தெரிகிறது. விமானத் தொழிலிலிருந்து வந்த மால்கம் சேயர் வடிவமைத்த வழவழப்பான முகப்பும், ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் எழும் துடுப்பும், விளக்கொளியில் திருப்பிப் பார்த்தாலும் அலை விழாமல் வந்திருக்கின்றன. அசல் காரின் 16 அங்குலச் சக்கரத்தை 18-ஆல் வகுத்தால் சுமார் 22.6 மி.மீ. வரும், வெர்னியர் அளவுகோலும் ஏறத்தாழ அதையே காட்டியது.

பானெட்டைத் திறந்ததும் மனம் சுருங்கியது. டி-டைப்பின் முகப்பு அவ்வளவு தாழ்வாக அமைந்ததற்குக் காரணமே, எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் முறையும், ஆறு சிலிண்டர் கொண்ட அந்த 3.4 லிட்டர் எஞ்சினைச் சற்றே சாய்த்துப் பொருத்தியதும்தான். மாதிரியில் எஞ்சின் தூண் போல நிமிர்ந்து நிற்கிறது. மூன்று வெபர் கார்புரேட்டர்களையும் பிரித்துக் காட்டியவர்கள் இதைக் கவனிக்காதது வியப்பு. கதவிலுள்ள 4 என்ற எண் ஒட்டியின் ஓரமும் ஒரு கோடையிலேயே தூக்கிக்கொண்டது.

ஆனாலும் அந்தக் கருநீலத்துக்காகவே இதை வைத்துக்கொள்வேன். அது ஸ்காட்லாந்தின் எக்யூரி எகோஸ் குழுவின் நிறம். எடின்பரோவில் ஒரு சந்துக்குள் இயங்கிய அந்தச் சிறு பட்டறை, 1956-இல் ஜாகுவார் நிறுவனத்தின் சொந்தக் கார்கள் தொடக்கத்திலேயே விபத்திலும் எரிபொருள் கோளாறிலும் சிக்கியபோது முந்தி வந்து வென்றது. நிறுவனம் பந்தயத்திலிருந்து விலகிய பின், 1957-இல் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது. பெரிய ஆலைக்கு வேலை செய்து கொடுக்கும் என் போன்றவர்களுக்கு இந்தக் கதை இனிக்கத்தான் செய்யும்.

அலமாரியில் வைத்துப் பார்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். உள்ளே குனிந்து பார்ப்பவர்கள் யோசிக்க வேண்டும். எஞ்சினின் ஒரு பக்க அடியில் மெல்லிய அலுமினியத் தகட்டைச் செருகி நானே சாய்த்தும் பார்த்தேன். இப்போது பானெட் மூட மறுக்கிறது.