கல்லூரி உதவித்தொகை அலுவலகம்: 5-க்கு 3 கொடுப்பேன்

அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறேன், பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் உதவித்தொகை) இல்லையென்றால் எனக்குப் படிப்பே இல்லை. இரண்டாவது செமஸ்டரில் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதால் மூன்று பாடங்களைப் பாதியில் விட்டேன். ஆலோசகர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "டபிள்யூதான் (பாடத்தை விட்டதற்கான குறி) வரும், ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) குறையாது" என்றார். குறையவில்லை, உண்மைதான். ஆனால் உதவித்தொகை தொடர 2.0 ஜிபிஏ மட்டும் போதாது, எடுத்த கிரெடிட்டில் (பாடங்களை அளக்கும் அலகு) 67 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும், விட்ட பாடமும் எடுத்த கணக்கில்தான் சேரும் என்பதை அவர் சொல்லவே இல்லை. 24 கிரெடிட் எடுத்து 15 முடித்தேன், 62.5 சதவீதம். எங்கள் கல்லூரியில் இந்தக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்ப்பார்கள், அதனால் எச்சரித்து ஒரு செமஸ்டர் அவகாசம் தருவதெல்லாம் கிடையாது, உதவித்தொகையை நேராக நிறுத்திவிட்டார்கள். அன்று இரவு தூங்கவில்லை.

அப்புறம் மேல்முறையீடு செய்தபோது, இந்த அலுவலகத்தின் மேல்முறையீட்டுப் பிரிவில் இருந்த பெண் அலுவலர் என்னை நடத்திய விதத்துக்காகத்தான் இந்த மூன்று நட்சத்திரமும். மருத்துவமனைக் கடிதம் மட்டும் போதாது, இப்போது நிலைமை எப்படி மாறியிருக்கிறது என்றும் எழுது என்று பொறுமையாகச் சொன்னார், நான் எழுதியதை உட்கார்ந்து படித்தார். ஒரு செமஸ்டர் ப்ரொபேஷனில் (நிபந்தனையோடு தரும் தற்காலிக வாய்ப்பு) பணம் திரும்ப வந்தது, 12 கிரெடிட்டும் முடித்து இப்போது 75 சதவீதத்தில் இருக்கிறேன்.

பாடத்தை விடப்போகிறீர்களா? படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். 60 கிரெடிட் படிப்புக்கு, எடுத்த கிரெடிட் 90-க்கு மேல் போனாலும் உதவி நின்றுவிடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.