வெளிநாட்டுத் தலைமை அலுவலகம், மதுரையில் கட்டட வேலை: பிஎம்சி வைத்துக்கொண்ட அனுபவம்

போன வருஷம் எங்கள் கம்பெனி மதுரையில் கிளை போட்டது. தலைமை அலுவலகம் இங்கிலாந்தில். இங்கே பைபாஸ் ரோட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி, 4,200 சதுர அடி, தூணும் தளமும் தவிர ஒன்றும் இல்லை. டிசைன் அங்கிருந்து வந்தது. வேலையை எடுத்து நடத்த, கான்ட்ராக்டருக்கு மேலே ஒரு பிராஜெக்ட் மேனேஜ்மென்ட் கம்பெனியை, பிஎம்சி என்று சொல்வார்களே, அதை வைத்துக்கொண்டோம். நான் இந்தக் கிளையின் அட்மின் பார்க்கிறவன், 17 வாரம் தினமும் அவர்களோடு நின்றவன். இதே மாதிரி கிளை போடப்போகிற நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், சைட்டில் அவர்களை கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை நம்பக் கூடாது.

நல்லதிலிருந்து வருகிறேன். டிராயிங் முழுக்க மில்லிமீட்டர். நம் ஆசாரிகளுக்கு அடி, இன்ச், நூல் (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு). மீட்டிங் ரூம் கண்ணாடிக் கதவுக்கு உயரம் 2100 என்று போட்டிருந்தது, ஆசாரி அதை ஏழடி என்று எடுத்துக்கொண்டு முதல் ஃபிரேமை நிறுத்திவிட்டார். ஏழடி என்றால் 2134. 34 மி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் டஃபண்ட் கண்ணாடி ஆர்டர் கொடுத்த அளவில்தான் வரும், சூடேற்றிக் கெட்டியாக்கிய பிறகு அதை வெட்டவும் முடியாது, ஓட்டை போடவும் முடியாது. வந்து மாட்டியிருந்தால் மேலே ஒன்றேகால் இன்ச்சுக்கு மேல் சந்து நின்றிருக்கும். பிஎம்சியின் சைட் இன்ஜினியர், முப்பது வயசு கூட இருக்காது, காலையில் டேப்பை வைத்துப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "ஏழடினா ஏழடிதேன் தம்பி, ரவுண்டா இருக்கட்டுமே" என்றார் ஆசாரி. "அண்ணே, கண்ணாடி ரவுண்டா வராதுண்ணே" என்று சொல்லிவிட்டு, பூசாத சுவரில் கார்பென்டர் பென்சிலால் பெரிதாக எழுதினார்: 2100 = 6 அடி 10 இன்ச் 5½ நூல். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சுவரில் இருபது அளவு ஏறிவிட்டது, மேஜை உயரம், சுவிட்ச் போர்டு உயரம், சீலிங் உயரம் எல்லாம். பெயின்ட் அடிக்கும்வரை மொத்த சைட்டும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் ஓடியது. நான் அதை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது நேரம். மார்ச் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்துக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், அதற்கப்புறம் நாலரை. காலையில் நமக்கு ஒரு சந்தேகம் வந்தால் அங்கே ஆள் சீட்டுக்கு வந்து பதில் சொல்ல மத்தியானம் சாப்பாடு முடிந்துவிடும், அதுவரை எட்டுப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், கூலி மட்டும் ஓடும். பிஎம்சிக்காரர்கள் மறுநாள் வேலையை முந்தின நாளே ஓட்டிப் பார்த்து, சந்தேகங்களைப் போட்டோவோடு சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஏ' அல்லது 'பி' என்று சொன்னால் போதும் என்கிற மாதிரி எழுதுவார்கள். நாம் காலையில் எழுந்திருக்கும்போது பதில் காத்திருக்கும். இது ஒன்றுக்கே ஃபீஸ் கொடுக்கலாம்.

சாக்கெட் விஷயமும் அப்படித்தான். மேஜைக்கு அங்கே போடுகிற சதுரப் பின் 13 ஆம்பியர் சாக்கெட்டை டிசைனில் அப்படியே போட்டிருந்தார்கள். வோல்டேஜ் இரண்டு ஊரிலும் 230 தான் என்றாலும் நம் பிளக் அதில் போகாது. பிஓக்யூ, அதாவது என்னென்ன எவ்வளவு வேண்டும் என்கிற பட்டியல், போடும்போதே பிடித்து 6, 16 ஆம்பியருக்கு மாற்றிவிட்டார்கள். சித்திரைத் திருவிழா வாரத்தை ஷெட்யூலில் காலியாக விட்டு, அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் இந்த ஊரில் ஏன் ஒரு மேஸ்திரியும் கிடைக்கமாட்டார் என்று இங்கிலாந்துக்கு அரைப் பக்கம் எழுதி அனுப்பியதும் அவர்கள்தான்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது டாய்லெட். எங்கள் டீமில் ஒரு பெண் வீல்சேரில் வருபவர். இங்கிலாந்து விதிப்படி வீல்சேர் டாய்லெட் உள்ளளவு குறைந்தது 1500க்கு 2200 மி.மீ. இருக்க வேண்டும், டிராயிங்கிலும் அதுதான். கான்ட்ராக்டர் அதில் ஓரடி குறைத்து ஸ்டோர் ரூமுக்குக் கொடுக்கப் பார்த்தார், கட்டட உரிமையாளரும் அதற்குத் தலையாட்டினார். அந்த சைட் இன்ஜினியர் பையன் விடவில்லை. ஒரு வீல்சேரை வாடகைக்கு எடுத்து வந்து, தரையில் சாக்பீஸால் இரண்டு அளவையும் போட்டு, கான்ட்ராக்டரையே உட்கார வைத்துத் திருப்பச் சொன்னார். அப்புறம் பேச்சே இல்லை.

இனிமேல் குறை. வாரா வாரம் வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்கு ரிப்போர்ட் போகும், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று. எங்களுக்கு வந்த அத்தனையும் பச்சை. பன்னிரண்டாவது வாரம் 'ஏசி 80 சதவீதம்' என்று போட்டிருந்தது. சும்மா மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன், அவுட்டோர் யூனிட் ஒன்றுகூட வரவில்லை, இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சைட் இன்ஜினியர் பத்து நாள் முன்பே தன் மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறார், அவர்தான் கிளையன்ட் பயந்துவிடுவார் என்று அமுக்கிவிட்டார். அங்கே திறப்பு விழாவுக்கு டிக்கெட் போட்டாயிற்று! நானே போட்டோ எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினேன். 14 வாரம் 17 ஆனது இதனால்தான். தாமதம் யாருக்கும் வரும், ஆனால் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த ரிப்போர்ட் ஒன்றுதான் கண். அதை மறைப்பதை என்னால் லேசில் விட முடியாது.

இன்னொன்று, அவ்வளவு போராடி வாங்கிய அந்த டாய்லெட்டிலேயே தரை வாட்டம் சரியில்லை. கதவோரம் தண்ணீர் தேங்கி, வீல்சேர் சக்கரம் ஈரத்தை வெளியே இழுத்து வந்தது. முடிந்த வேலையில் உள்ள குறைகளை எழுதுகிற ஸ்நாக் லிஸ்ட்டில் எழுதி மூன்று வாரம் கழித்துத்தான் வந்து டைல்ஸைப் பெயர்த்து மறுபடி போட்டார்கள். பில்லில் 5 சதவீதம் ரிடென்ஷன், அதாவது கொடுக்காமல் பிடித்து வைக்கிற பணம், ஒரு வருஷத்துக்கு நம் கையில் இருந்ததால் வந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஃபீஸைப் பற்றி: மொத்தச் செலவில் சதவீதம் என்று பேசாதீர்கள், செலவு ஏற ஏற அவர்கள் பணமும் ஏறும். ஒரே தொகையாகப் பேசுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா சேர்க்காமலா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அடுத்த மாதம் நான்காவது மாடியையும் எடுக்கிறோம். அவர்களையேதான் கூப்பிட்டிருக்கிறேன், அதே சைட் இன்ஜினியர் வர வேண்டும் என்று கேட்டு. இந்த முறை அக்ரிமென்டில் ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறோம்: வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை சைட் இன்ஜினியரே எழுதி, அன்று எடுத்த போட்டோவோடு, நேராக இங்கிலாந்துக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும்.